நாலு பத்துக்குத் திரும்பும் ஸ்டியரிங்

மேலக்குளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில், தகரச் செட்டுக்குக் கீழே கிடந்த வெள்ளைக் காரின் ஸ்டியரிங், ஆளில்லாத இருக்கைக்கு முன்னால், தினமும் சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்குத் தானாகத் திரும்பத் தொடங்கி, பதினோரு விநாடி ஒரே பக்கமாகச் சுற்றி, பிறகு மூச்சு வாங்குவதுபோல ஒரு சின்ன நடுக்கத்தோடு நின்றுவிடும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நாள்கூட அதைத் திரும்பிப் பார்க்காதவள் ஒருத்தி இருந்தாள், அவள் அந்தக் காருக்கு நேர் எதிரே, முப்பதடி தள்ளி, ஸ்டியரிங் வேலை மட்டும் பார்க்கிற ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பேச்சித்தாய்.

காரை ஓட்டியவன் அவளுடைய தம்பி சொரிமுத்து. வெண்முத்து டிராவல்ஸில் எட்டு வருஷமாக டிரைவர். சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை, சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போது, குளத்தங்கரை வளைவில் வண்டி வளையாமல் நேரே போய், எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் தளவாயின் வலது காலை நசுக்கி, கரைச் சரிவில் பக்கவாட்டாகச் சறுக்கி, டிரைவர் கதவோடு ஒரு பனையில் போய் அடித்தது. சொரிமுத்து அங்கேயே செத்துப்போனான். வண்டி ஆய்வாளர் வந்தார், காரை ஒரு சுற்றுச் சுற்றினார், பானெட்டைக்கூடத் திறக்காமல் "ஓட்டுநர் தூங்கியதால் ஏற்பட்ட விபத்து" என்று எழுதினார், கேஸ் முடிந்தது. காரைத் தூக்கிப் போன கிரேனின் சங்கிலி மேலக்குளம் விலக்கில் அறுந்து, கார் ரோட்டோரம் இறங்கியது; மறுநாள் வேறு கிரேன் வந்தபோது மணி நாலு பத்து, கிரேன் டிரைவர் கண் முன்னாலேயே ஸ்டியரிங் சுற்ற, அவர் கிரேனைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை.

ஊர் முதல் மூன்று நாள் ஆச்சரியப்பட்டது. நாலாவது நாள் டீக்கடைக்காரர் தன்னுடைய பெஞ்சுகளைக் காரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். அதற்கப்புறம் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது: முடிவெட்டும் கடைக்காரர் தன் சுவர்க் கடிகாரத்தை ஸ்டியரிங்கைப் பார்த்துச் சரி செய்தார், நாலு மணி பஸ் அந்த விலக்கில் மட்டும் பத்து நிமிஷம் நின்று போனது, டியூஷன் வாத்தியார் வகுப்பை நாலேகாலுக்கு மாற்றினார், வெளிநாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களின் பெண்டாட்டிகள் வந்து காரின் வேலிக் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், புது வண்டி வாங்கினவர்கள் கோவிலுக்குப் போகிற வழியில் முதலில் இங்கே கொண்டுவந்து நிறுத்தி, வழக்கமாகத் தங்கள் வண்டிச் சக்கரத்தில் வைக்கிற எலுமிச்சம்பழத்தோடு கூட இரண்டு பழம் வாங்கி, அதை இந்தக் காரின் முன்சக்கரங்களுக்கும் ஒட்டி வைத்துவிட்டுப் போனார்கள். சுற்றுகளைக் கூட்டமே சத்தமாக எண்ணும். ஒண்ணு, ரெண்டு, மூணு. சில நாள் ஐந்து சுற்று, சில நாள் ஆறு.

"பய இன்னும் டியூட்டியிலதான் இருக்கான்" என்பார் டீக்கடைக்காரர்.

"உசுரோட இருந்தப்ப தூங்கினான், செத்தப்புறம் முழிச்சிருக்கான்" என்பார் முடிவெட்டுகிறவர், அதற்கு ஒரு சிரிப்பு எழும்.

அந்தச் சிரிப்பு முப்பதடி தாண்டிப் பேச்சித்தாயின் முதுகில் வந்து விழும். அவள் நாலு மணிக்கே காருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஏதாவது ஓர் இரும்பை அரத்தால் ராவத் தொடங்குவாள், ராவ வேண்டிய அவசியம் இல்லாத இரும்பாக இருந்தாலும் ராவுவாள், அந்த ஒரு மாதத்தில் அவள் கோபத்துக்குத் தேய்ந்துபோன இரும்பை உருக்கினால் ஒரு மண்வெட்டி செய்திருக்கலாம்.

வெண்முத்து டிராவல்ஸ் முதலாளி கோமதிநாயகம் ஐந்தாம் நாளே வந்துவிட்டார். கற்பூரம் ஏற்றினார், கண்ணைத் துடைத்தார். காருக்கு மேல் தகரச் செட்டுப் போட்டார், சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி வைத்தார், சிவப்புப் பெயிண்டில் ஒரு போர்டும் எழுதிவைத்தார்: "இது சாமி வண்டி. யாருக்கும் சொந்தமில்லை. தொடுபவர் சாமி குற்றத்துக்கு ஆளாவார்." பழம் வைக்கிறவர்கள் வேலிக் கம்பிக்குள் கையை விட்டு வைத்தார்கள்; உள்ளே போக ஒரே ஒருத்திக்கு அனுமதி கொடுத்தார். சொரிமுத்துவின் பெண்டாட்டி முப்பிடாதி. அவள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுக்கொடுத்தார். தினமும் நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது முப்பிடாதி வந்து, நசுங்கிய கதவு இருந்த இடத்தின் வழியாகக் கையை நீட்டி, ஸ்டியரிங் வளையத்தின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பால்காரர் தளவாயும் ஊன்றுகோலில் வருவார். ஸ்டியரிங் நின்றதும் காரைப் பார்த்து ஒரு தடவை காறித் துப்பிவிட்டுப் போவார், அதையும் யாரும் தடுக்கவில்லை, அதுவும் அந்த ஒழுங்கில் சேர்ந்துவிட்டது.

முப்பத்து மூன்றாவது நாள் ஒருவர் தன் புதுக் காரைப் பேச்சித்தாயின் ஒர்க்‌ஷாப் வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சாமி வண்டியின் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்திருந்தார். பேச்சித்தாய் வண்டியை எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டாள். கூட்டம் எண்ணிக்கொண்டிருந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அவள் ரோட்டைத் தாண்டிப் போய், அவருடைய தோளைத் தட்டக் குனிந்தாள்.

அவள் கண் அப்போது சக்கரத்தின் மட்டத்துக்கு வந்தது.

முன்சக்கரத்தை ஒட்டி எலுமிச்சம்பழங்கள் வரிசையாக இருந்தன. முதலில் வைத்தவை காய்ந்து கருத்துச் சுருங்கியிருந்தன, அடுத்தவை பழுப்பாக, அதற்கடுத்தவை மஞ்சளாக, கடைசியில் அந்த மனிதர் இப்போது வைத்தது. ஒன்றுகூட நசுங்கவில்லை. ஒன்றுகூட நகரவில்லை. மேலே கூட்டம் "அஞ்சு, ஆறு" என்று எண்ணிக்கொண்டிருந்தது. கீழே டயர், மலைபோல, அசையாமல் இருந்தது.

ஸ்டியரிங் வேலை தெரிந்தவர்களுக்கு இது மூன்றாம் வகுப்புப் பாடம். கையில் பிடிக்கிற வளையத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது, தண்டின் அடியில், கால் மிதிக்கிற பெடலுக்குப் பக்கத்தில், ஒரு மூட்டு இருக்கிறது, அந்த மூட்டுதான் கைத் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. எந்தக் காரிலும் ஸ்டியரிங் ஒரு பக்கமாக ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு சுற்று போகும், அதற்கு மேல் சக்கரம் இடித்து நின்றுவிடும், ஸ்டியரிங்கும் நின்றுவிடும். ஒரே பக்கமாக ஆறு சுற்று போகிற ஸ்டியரிங் எதையும் திருப்பவில்லை என்று அர்த்தம். மேலக்குளம் விலக்கில் பன்னிரண்டு ஒர்க்‌ஷாப் இருந்தது, பன்னிரண்டிலும் அது தெரிந்தவர்கள் இருந்தார்கள், முப்பத்து மூன்று நாளாக அவர்களும் கூட்டத்தோடு நின்று எண்ணியிருக்கிறார்கள், சாமி திருப்புகிறது, சாமிக்குச் சுற்றுக் கணக்கு கிடையாது என்று நினைத்துவிட்டார்கள். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவளும் அவர்களைவிட நல்லவள் இல்லை. அவள் திரும்பிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. பங்குனி மாதம் சொரிமுத்து இதே காரை அவளிடம் கொண்டுவந்தான். "ஸ்டியரிங் கடகடங்கு அக்கா, பாரேன்." அவள் பார்த்தாள். கீழ் மூட்டு தேய்ந்திருந்தது. புது மூட்டு போடணும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, முதலாளியிடம் காட்டச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து ரோட்டில் போகிற போக்கில் அவன் கையை ஆட்டி, "அண்ணாச்சி மாத்திட்டாருக்கா, இப்ப சத்தமே இல்ல" என்றான். அவள் சந்தோஷப்பட்டாள். குனிந்து ஒரு தடவை பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அவள் முப்பிடாதியின் வீட்டுக்குப் போனாள். முப்பிடாதி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அந்த வண்டியக் கழட்டப் போறேன்ளா" என்றாள் பேச்சித்தாய்.

முறம் நின்றது. "எதுக்கு மைனி?"

"அவன் தூங்கல. ஸ்டியரிங் அறுந்திருக்கு. கழட்டினா தெரியும்."

"கழட்டுனா பொறவு அது திரும்புமா?"

"தெரியாது. திரும்பாதுன்னுதான் நெனைக்கேன்."

"அப்ப வேண்டாம்."

"ஊரே ஒன் புருஷன தூங்குமூஞ்சின்னு சொல்லுது. பள்ளிக்கூடத்துல ஒன் மவளைத் தூங்குமூஞ்சி மவளேன்னு கூப்பிடுதுவ. அவ பேரையே மறந்துட்டாளுவ."

"கூப்பிட்டுட்டுப் போறாளுவ." முப்பிடாதி அரிசியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க ஒரு நாளாவது வந்து பாத்தியளா மைனி? முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்திய. நான் தொட்டுப் பாத்தேன். அவிய கை அப்படியே இருக்கு. பதினோரு விநாடி. ஒரு நாளைக்கு எனக்கு அது போதும். அதையும் எடுத்துட்டுப் போயிராதிய."

பேச்சித்தாய்க்கு மெதுவாகப் பேச வராது. ஆனாலும் கேட்டாள். "கை எப்படி இருக்கு? சூடாவா?"

"ஈரமா இருக்கு. வேர்வை."

"அவனுக்கு எப்பவும் கை வேர்க்குமா?"

முப்பிடாதி யோசித்தாள்.

"இல்ல" என்றாள் முப்பிடாதி கடைசியில். "கல்யாணத்தன்னைக்கு வேர்த்துச்சு. பொறவு, எனக்கு வலி எடுத்து ஆசுபத்திரிக்கு ஏத்திட்டுப் போனப்ப. வேற எப்பவும் இல்ல."

"பயந்தா வேர்க்கும் அவனுக்கு. சின்னப் புள்ளையிலயே அப்படித்தான்." பேச்சித்தாய் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். "அவன் உன்னைப் பாக்க வரலளா. அவன் வண்டியத் திருப்புதான். அது திரும்பமாட்டேங்கு. தினமும் நாலு பத்துக்கு அவன் மறுபடியும் அந்தப் பனையில போய் அடிக்கான். நாம அதுக்கு நாற்காலி போட்டு உக்காந்திருக்கோம்."

சொன்ன பிறகு அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று அவளுக்கே தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. முப்பிடாதி எழுந்து உள்ளே போனாள், பானையில் ஏதோ கொட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யாருக்கும் தெரியாம கழட்டாதிய மைனி. எல்லாரும் பாக்கக் கழட்டுங்க."

"நாலு பதினொண்ணுக்கு" என்றாள் பேச்சித்தாய்.

மறுநாள் ஸ்டியரிங் கடைசியாகத் திரும்பி நின்றபோது கூட்டம் ஆறு எண்ணியிருந்தது. முப்பிடாதி கையை எடுத்தாள், உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள், நாற்காலியைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தாள். பேச்சித்தாய் கருவிப் பையோடு வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். சாவியைத் திருப்பி எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள், பானெட்டைத் திறந்து பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி அது திரும்பப் போய்த் தொடாதபடி துணி சுற்றிக் கட்டினாள், பிறகு டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூலை வாங்கிவந்து காருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன, உக்காந்துட்டே?"

"பதினஞ்சு நிமிஷம் ஆகணும்."

ஸ்டியரிங்கின் நடுவில், ஹாரன் அடிக்கிற இடத்துக்குப் பின்னால், ஏர்பேக் என்று ஒரு காற்றுப்பை மடித்து வைத்திருக்கிறது. வண்டி முன்னால் மோதினால் அது கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் வெடித்து விரிந்து ஆளைத் தாங்கும். சொரிமுத்துவின் வண்டி பக்கவாட்டில் மோதியதால் அது வெடிக்கவில்லை. வெடிக்காத ஏர்பேக் உள்ளே உயிரோடு இருக்கிறது. பேட்டரியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அதை வெடிக்க வைக்கிற மின்சாரம் ஒரு சின்னக் குப்பியில் தங்கியிருக்கும், அது வடிகிறவரை கை வைக்கக் கூடாது. கோபக்காரர்கள் இந்த வேலையில் கையை இழந்திருக்கிறார்கள். பேச்சித்தாயை விடக் கோபக்காரி அந்த ஜில்லாவில் கிடையாது, அவள் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேட்டரி செத்து ஒரு மாசமாச்சு, பொறவு எதுக்குக் காத்திருக்கே?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"இந்த வண்டியில எது செத்தது, எது சாகலைன்னு ஒங்க ஒருத்தருக்காவது தெரியுமாவே?" என்றாள் அவள்.

நாலு பத்தொன்பதுக்குக் கோமதிநாயகம் வந்து இறங்கினார். பின்னாலேயே அவருடைய மற்ற ஐந்து கார்களில் மூன்று வந்தன, வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர்கள் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னம்மா பேச்சி, துக்கத்துல புத்தி பேதலிச்சிட்டா? சாமி வண்டியில கை வைக்கலாமா?"

"கை வைக்கல அண்ணாச்சி. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

"தெய்வக் குத்தம் ஆயிரும். இந்த ஊருக்கே ஆகாது. கேளுங்க எல்லாரும்."

கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம்தான். கம்பியில் கயிறு கட்டின பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி அழுதாள், அவள் புருஷன் பாலைவனத்தில் லாரி ஓட்டுகிறான், இந்த வண்டி திரும்புகிறவரை அவன் பத்திரம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் அவளைப் பார்த்தாள், வேறு பக்கம் பார்க்கவில்லை.

"சரி, தெய்வம் கெடக்கட்டும், இது என் வண்டி" என்றார் கோமதிநாயகம். "போலீசக் கூப்பிடுவேன்."

பேச்சித்தாய் ஸ்டூலில் இருந்தபடியே போர்டைக் காட்டினாள். "நீங்க எழுதினதுதானே அண்ணாச்சி? யாருக்கும் சொந்தமில்லைன்னு போட்டிருக்கு. செவப்பு மையில போட்டிருக்கிய."

முதலில் டீக்கடைக்காரர்தான் சிரித்தார். பிறகு சிரிப்பு பின்னால் பரவியது. கோமதிநாயகம் கைபேசியை எடுத்தார், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாதவர்போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தச் சக்கரத்தடியில இருக்க எலுமிச்சம்பழத்தப் பாருங்க" என்றாள் பேச்சித்தாய் கூட்டத்திடம். "ஒரு மாசமா நீங்க வைச்சது. ஒண்ணாவது நசுங்கியிருக்கா?"

நாலைந்து பேர் குனிந்தார்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் ஒருவர் குனிந்தவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "முன்சக்கரம் அடிபட்டு எறுகியிருக்கும்லா" என்று யாரோ சொன்னதற்கு அவரே பதில் சொன்னார்: "சக்கரம் எறுகினா ஸ்டியரிங்கும் எறுகியிருக்கணும்யா. இவ்வளவு நாளா நாம என்னத்தப் பாத்தோம்."

பதினைந்து நிமிஷம் ஆயிற்று. பேச்சித்தாய் எழுந்தாள்.

அவள் ஸ்டியரிங்கைப் பின்பக்கமிருந்து தடவி இரண்டு திருகாணியைக் கழற்றினாள். முகத்தை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு நடு மூடியை மெல்லத் தூக்கி, அடியிலிருந்த மஞ்சள் பிளக்கைப் பிரித்தாள். ஏர்பேக் தனியாகக் கையில் வந்தது, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்.

"ஏளா, இதப் பிடி" என்று முப்பிடாதியிடம் நீட்டினாள். "இப்படி. முகப்பு வெளியே பாத்து இருக்கணும். நெஞ்சோட அணைக்காத. எக்காரணம் கொண்டும் நெஞ்சோட அணைக்காத. கொண்டுபோய் என் பெஞ்சுல முகப்பு மேல பாக்க வை, கவுத்து வைக்காத."

முப்பிடாதி இரண்டு கையையும் முன்னால் நீட்டி அதைத் தாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். ஒரு மாதமாகப் புருஷன் கையைத் தொட்டுவந்த இடத்தின் நடுப்பாகம் அது, அதை அணைத்துக்கொள்ளாமல் முப்பதடி நடப்பது அந்தச் சாயங்காலத்திலேயே கஷ்டமான வேலையாக இருந்தது, அவள் நடந்தாள், கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது, ஒருத்தரும் எண்ணவில்லை.

அடுத்து நடு நட்டு. பேச்சித்தாய் முதலில் வெள்ளைப் பெயிண்டால் வளையத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள், எது எப்படி இருந்தது என்று பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நட்டைத் தளர்த்தினாள், ஆனால் முழுக்கக் கழற்றவில்லை, கடைசி மூன்று இழையில் விட்டுவைத்தாள். வளையத்தின் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டி இழுத்தபோது அது டக்கென்று பிடி விட்டு மேலே எழும்பி நட்டில் இடித்து நின்றது. நட்டு இல்லாவிட்டால் அது நேரே வாயில் வந்து அடிக்கும். பேச்சித்தாயின் முன்பல் ஒன்றில் பாதி இல்லாததற்குக் காரணம் இருபது வருஷத்துக்கு முன்னால் அது தெரியாமல் இருந்ததுதான். வளையத்தை எடுத்தாள். அதற்குக் கீழே கடிகார ஸ்பிரிங்போலச் சுருட்டி வைத்த ஒயர் நாடா, அளவுக்கு மேல் சுற்றி அறுந்து கிடந்தது. அதைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

பிறகு அவள் மல்லாக்கப் படுத்துத் தலையைப் பெடல்களுக்கு நடுவில் நுழைத்தாள். திரும்பி வந்த முப்பிடாதி கைபேசி வெளிச்சம் பிடித்தாள். நாலு நட்டு. ஒவ்வொன்றும் துருவேறி முரண்டு பிடித்தது, ஒவ்வொன்றுக்கும் பேச்சித்தாய் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், அவை இங்கே எழுதத் தக்கவை அல்ல. ஐந்து மணிக்குத் தண்டு முழுதாக வெளியே வந்தது, அடி மூட்டோடு.

மூட்டு புதிது இல்லை. தேய்ந்துபோன அதே பழைய மூட்டு. அதைத் தண்டோடு சேர்த்து வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. வெல்டு குறுக்கே விரிந்து இரண்டாகியிருந்தது, மேல் பாதியைத் திருப்பினால் கீழ் பாதி சும்மா இருந்தது. விரிசலின் பாதி துருவேறி, பாதி பளபளவென்று இருந்தது: துருவேறிய பாதி பல வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறது, பளபளப்பான பாதி குளத்தங்கரை வளைவில் விட்டிருக்கிறது.

"மோதினதுல ஒடைஞ்சிருக்கும்" என்றார் கோமதிநாயகம்.

"மோதினதுல ஒடையலாம் அண்ணாச்சி. மோதினதுல வெல்டு பத்துமா? பெயிண்ட் அடிக்குமா?" பேச்சித்தாயின் குரல் உயரவில்லை. "புது மூட்டுக்கு நான் சீட்டு எழுதிக் குடுத்தேன். மாத்தியாச்சுன்னு அவன்ட்ட சொன்னிய. அவன் அத நம்பி எனக்குக் கையாட்டிட்டுப் போனான்."

கையைக் கட்டிக்கொண்டு நின்ற டிரைவர்களில் மாசானம் என்பவன் கையைப் பிரித்தான். "அண்ணாச்சி, என் வண்டிக்கும் மாத்தியாச்சுன்னுதான் சொன்னிய. தை மாசம்."

"அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாம்டே."

மாசானம் ஆபீசுக்குப் போகவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய், தன் வண்டிச் சாவியைப் பேச்சித்தாயின் பெஞ்சில், மேலே பார்த்துப் படுத்திருந்த ஏர்பேக்குக்குப் பக்கத்தில் வைத்தான். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவர்களும் போனார்கள். தளவாய் ஊன்றுகோலில் முன்னால் வந்து, மூட்டை வாங்கி, மேல் பாதியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், கீழ் பாதியைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். வழக்கம்போலக் காறினார். இந்தத் தடவை துப்பியது கோமதிநாயகத்தின் வெள்ளைச் செருப்புக்கு முன்னால், ஒரு விரல்கடை தள்ளி.

மறுநாள் நாலு பத்துக்கும் கூட்டம் வந்தது, பழக்கம் அப்படி. ஸ்டியரிங் வளையம் பேச்சித்தாயின் பெஞ்சில் ஒரு சாக்கின் மேல் கிடந்தது. முப்பிடாதி அதன்மேல் கை வைத்தாள். அது திரும்பவில்லை. காய்ந்திருந்தது. பதினோரு விநாடி இருந்தாள், இன்னொரு பதினோரு விநாடி இருந்தாள், பிறகு எழுந்து, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனாள். அன்று பேச்சித்தாய் எந்த இரும்பையும் ராவவில்லை. அவள் மாசானத்தின் காருக்கு அடியில் இருந்தாள், அதிலும் கறுப்புப் பெயிண்ட் இருந்தது. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது, ஆனால் எல்லாரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. நாலு மணி பஸ் நிற்காமல் போனது. யாரோ ஒர்க்‌ஷாப் ஓட்டில் கல்லெறிந்தார்கள். இருந்த ஒரே சாமியையும் கழற்றிப்போட்டுவிட்டாள் என்று முடிவெட்டுகிறவர் ஒரு வாரம் பேசினார், பிறகு கடிகாரத்தை ரேடியோவைப் பார்த்துச் சரி செய்துகொண்டார்.

எட்டாம் நாள் வண்டி ஆய்வாளர் ஜீப்பில் வந்தார். சேதி மேலே வரை போய்விட்டது, ஐந்து கார்களிலும் அதே வெல்டு, மூட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தப் பார்ட்டைக் குடும்மா."

"குடுக்கேன் சார். மொதல்ல நீங்க எழுதுங்க."

"ஆபீஸ்ல போய் எழுதிக்கிறேன்."

"போன தடவையும் ஆபீஸ்ல போய்த்தான் எழுதினிய."

ஆய்வாளர் சுற்றிலும் பார்த்தார். டீக்கடைக்காரர் பெஞ்சை மறுபடி ஒர்க்‌ஷாப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஆய்வாளர் ஃபைலைத் திறந்து, ஜீப்பின் பானெட்டில் வைத்து, "தூங்கியதால்" என்ற சொல்லை அடித்தார். அதற்கு மேல் "இயந்திரக் கோளாறு" என்று எழுதினார்.

"கோளாறு இல்ல சார், அது தானா வரும். இது வைச்சது. வெல்டு வைச்சதுன்னு எழுதுங்க."

எழுதினார்.

"அடுத்து எழுதுங்க. ஓட்டுநர் கடைசி வரை திருப்பிக்கொண்டிருந்தார்."

"அதுக்கு இந்தப் பாரத்துல இடம் இல்லம்மா."

"இடம் இல்லேன்னா ஓரத்துல எழுதுங்க."

அவர் பேனாவை மூடப் போனார். பேச்சித்தாய் மூட்டைத் தன் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அவர் பாரத்தைச் சாய்த்து, ஓரத்தில், மேலிருந்து கீழாக, சின்ன எழுத்தில் எழுதினார். அவள் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தார்.

முப்பிடாதி மகளின் கையைப் பிடித்தபடி கிட்டே வந்து, எட்டி அந்தத் தாளைப் பார்த்தாள்.

"'கடைசி வரை'ங்கதுக்கு அடியில ஒரு கோடு போடுங்க சார்" என்றாள்.